ஹரிஸ்-வைற், பார்பரா

ஹரிஸ்-வைற், பார்பரா (பிறப்பு 1946): ஆங்கிலேயப் பொருளியலறிஞர், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஓய்வுநிலைப் பேராசிரியர். தமிழ்நாட்டின் ஆரணி என்னும் சிறுபட்டினத்தையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களையும் 1973 தொடக்கம் நான்கு தசாப்தங்களாகத் திரும்பத் திரும்ப ஆராய்ந்து, அரசாங்கச் சட்டம் எட்டாத சந்தை ஒழுங்கற்ற சந்தை அன்றென்றும், சாதி, குடும்பம், மதம், பால் வேறுபாடு ஆகியவற்றின் நியமங்களே அதனை ஆளுகின்றன என்றும் நிறுவியமை இவரது பிரதான பங்களிப்பாகும்.

வாழ்க்கை

கேம்பிரிட்ஜில் கல்வி பயின்ற இவர், 1969இல் அந்நகரிலிருந்து புதுதில்லி வரை தரைமார்க்கமாக மோட்டார் வாகனத்தில் பிரயாணம் செய்து முதன்முதலாக இந்தியாவை அடைந்தார். இலங்கையின் வரண்ட வலயக் குடியேற்றங்களைக் குறித்து 1957இல் பெருநூல் ஒன்றை வெளியிட்ட புவியியலறிஞர் பி. எச். ஃபார்மர், பசுமைப் புரட்சியின் விளைவுகளை அறியும்பொருட்டுத் தமிழ்நாட்டின் வட ஆர்க்காடு மாவட்டத்தையும் இலங்கையின் அம்பாந்தோட்டை மாவட்டத்தையும் தேர்ந்து ஓர் ஆராய்ச்சித் திட்டத்தை நடத்தியபோது, நெல் வர்த்தகத்தை ஆராயும் பணி இவரைச் சார்ந்தது. கிழக்கு அங்கிலியாப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1987இல் ஒக்ஸ்போர்ட் சென்ற இவர், அங்குள்ள அபிவிருத்திக் கல்வி நிலையமாகிய குயின் எலிசபெத் ஹவுஸின் பணிப்பாளராக 2003 முதல் 2007 வரை கடமையாற்றினார். பின்னர் தற்காலத் தென்னாசியக் கல்வித் திட்டம் ஒன்றையும் அப்பல்கலைக்கழகத்தில் தொடக்கி வைத்தார்.

ஆராய்ச்சியின் பின்னணி

பட்டினத்துக்கும் அதனைச் சூழ்ந்த நிலத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பொருளியல் நெடுங்காலமாகத் தூரத்தைக்கொண்டே விளக்கிவந்தது. 1826இல் ஜெர்மானிய அறிஞர் ஃபொன் தூனன், சந்தைக்குப் பண்டம் கொண்டுசெல்லும் செலவே எந்த நிலத்தில் எது பயிராகும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார். 1933இல் வால்ட்டர் கிறிஸ்டாலர், சிற்றூரும் பேரூரும் நகரும் படிமுறையாக அமையும் விதத்தை விளக்கும் மைய இடக் கோட்பாட்டை வகுத்தார். இவ்விரு கோட்பாடுகளிலும் வாங்குவோரும் விற்போரும் முகமற்றவர்கள். அந்த வர்த்தகர் யார், அவர் மூலதனம் எங்கிருந்து வந்தது, அவரிடம் கடன்பட்ட கமக்காரர் வேறொருவருக்குத் தம் நெல்லை விற்க முடியுமா என்னும் வினாக்களைப் பிரதேச ஆராய்ச்சிக்குள் விரிவாகக் கொணர்ந்தவர்களுள் ஹரிஸ்-வைற் முதன்மையானவர்.

ஆரணி ஆய்வுகள்

முன்பு வட ஆர்க்காட்டிலும் இன்று திருவண்ணாமலை மாவட்டத்திலும் அடங்கும் ஆரணி, பட்டுச் சேலைக்கும் அரிசி ஆலைக்கும் பெயர்பெற்றது. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் அதன் சனத்தொகை 63,000க்குச் சற்று மேற்பட்டிருந்தது. இத்தகைய பட்டினத்தின் வர்த்தக ஸ்தாபனங்களை 1973இல் நேரிற் கண்டு விவரம் சேகரித்த இவர், 1983இலும் 1990களின் முற்பகுதியிலும் மீண்டும் அவ்வாறே கணித்தார். அதன் பின்னும் பல அறிஞர்களோடு கூடி ஆய்வைத் தொடர்ந்தார். ஒரே இடத்துக்குப் பல முறை மீண்டமையால், நெல்லின் விளைவு பெருகியபோது இலாபம் எவர் கையில் மூலதனமாகத் திரண்டது, அது ஆலையாகவும் பட்டாகவும் தங்க வியாபாரமாகவும் எவ்வாறு உருமாறியது, நெசவு எவ்வாறு சுற்றுக் கிராமங்களுக்குப் பரவியது என்பவற்றைத் தொடர்ச்சியாகக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. கிராமங்களைப் பற்றிய பகுதியில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். ஜனகராஜன் அவரோடு இணைந்து பணியாற்றினார்.

கருத்துகள்

அறுவடைக்கு முன் பணம் கொடுக்கும் வியாபாரி, அறுவடையானதும் நெல்லைத் தமக்கே விற்கவேண்டும் என்று நிபந்தனை விதிப்பாராயின், வட்டியின் ஒரு பகுதி குறைந்த விலையாக மறைந்து நிற்கும். கடனும் விற்பனையும் இரண்டு சந்தைகளாகத் தோன்றினும் உண்மையில் ஒரே பிணைப்பேயாம். கோயம்புத்தூர்ப் பிரதேசத்து விளைபொருட் சந்தைகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட நூலில், எண்ணற்ற சிறு வியாபாரிகளின் நடுவே சில பெருவர்த்தகர் ஆதிக்கம் செலுத்தும் நிலையை அவர் விளக்கினார். வியாபாரிகள் பலராயிருப்பின் போட்டி தானே நிலவும் என்னும் எளிய அபிப்பிராயம் இதனால் தளர்ந்தது.

2003இல் வெளிவந்த ‘இந்தியா வேர்க்கிங்’ என்னும் நூலே இவரது பிரசித்தி பெற்ற படைப்பு. இந்திய மக்களுள் ஏறத்தாழ 88 சதவீதத்தினர் கிராமங்களிலும் இரண்டு லட்சத்துக்குக் குறைந்த சனத்தொகையுள்ள பட்டினங்களிலுமே அக்காலத்தில் வாழ்ந்தனர் என்பதை எடுத்துக்காட்டி, அவர்களது பொருளாதாரத்தையே நாட்டின் பொருளாதாரமாகக் கொண்டு அந்நூல் எழுதப்பட்டது. சாதிச் சங்கமும் வர்த்தகர் சங்கமும் கூலியையும் பிணக்குகளையும் ஒழுங்குபடுத்துவதையும், குடும்ப வியாபாரத்தின் சொத்துரிமையிலிருந்து பெண்கள் விலக்கப்படுவதையும், உத்தியோகஸ்தரைச் சுற்றி வளரும் ‘நிழல் அரசு’ வரியையும் சட்டத்தையும் வளைப்பதையும் அது விவரிக்கிறது. மேற்கு வங்காளத்து நெல் வர்த்தகத்தைப் பற்றி 2008இல் வெளியான நூலுக்கு எட்கர் கிரேயம் பரிசு கிடைத்தது. ஆரணி ஆய்வுகளின் நாற்பதாண்டு வரலாறு 2016இல் தொகுப்பு நூலாக வெளிவந்தது. நெல் உற்பத்தியும் விநியோகமும் வெளிவிடும் வாயுக்கள், சிறுபட்டினக் கழிவுத் தொழில் ஆகியவை இவரது பிற்கால ஆராய்ச்சிக்குரிய விஷயங்களாயின.

வன்னிக்குரிய பயன்

ஒரு பட்டினத்தைக்கொண்டு ஒரு தேசத்தை அளக்கலாகுமா என்னும் ஆட்சேபம் இவ்வாராய்ச்சிக்கு எதிராக எழக்கூடியதே. ஆனால் ஆரணியிலிருந்து பிற இடங்களுக்கு எடுத்துச்செல்லத்தக்கவை அங்கு கேட்கப்பட்ட வினாக்களே; வன்னிக்கும் அவை பொருந்தும். இலங்கையில் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்துக்குப் பின்னர், மாநகர சபை அல்லது நகர சபை உள்ள இடமே நகரமாகக் கணிக்கப்படுகிறது; அவை ஒன்றேனும் இல்லாத, வன்னிப் பிரதேசத்தைச் சேர்ந்த முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நகர மக்களே இல்லை. எனினும் முல்லைத்தீவுக் கடைத்தெருவுக்கும், வற்றாப்பளை, முள்ளியவளை, தண்ணீரூற்று ஆகிய ஊர்களின் வயலுக்கும், நந்திக்கடல் களப்பின் மீனுக்கும் இடையே பணமும் பண்டமும் ஓயாது சென்று மீள்கின்றன. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கற் காலத்தில் திரளும் கடைகளும் அப்பொருளாதாரத்தின் அங்கமே. கமக்காரருக்கு முற்பணம் கொடுப்பவர் யார், படகும் வலையும் உடைய சம்மாட்டியிடம் கடன்பட்ட மீனவர் எவ்விலைக்கு மீனை விடுகிறார், யுத்தத்தின்பின் திரும்பிவந்த குடும்பங்களுள் வியாபார மூலதனம் எவருக்கு வாய்த்தது என்று வினவுவோர்க்கு, நகரம் என்ற பெயரே மறுக்கப்பட்ட இடங்களையும் நகரப் பொருளியலின் முறையால் ஆராயலாம் என்பதற்கு ஹரிஸ்-வைற்றின் வாழ்நாள் உழைப்புத் தக்க பிரமாணமாகும்.