வெண்சமநிலை

காட்சியின் மேல் விழும் ஒளியின் நிறச்சாயலை ஈடுகட்டி, வெள்ளைப் பொருள் படத்திலும் வெள்ளையாகவே தெரியும்படி கேமராவைச் சரிசெய்வது வெண்சமநிலை எனப்படும். படமெடுப்பவர்கள் பேச்சில் இது ‘ஒயிட் பேலன்ஸ்’. கேமராவின் பொத்தானிலும் திரையிலும் டபிள்யூபி என்ற சுருக்கெழுத்தால் குறிக்கப்படுகிறது. பெயரில் வெள்ளை இருந்தாலும், இதனால் முதலில் காப்பாற்றப்படுவது மனிதரின் தோல் நிறம். சுவரில் பச்சை ஏறினால் யாரும் பொருட்படுத்துவதில்லை. முகத்தில் ஏறினால் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

நிற வெப்பநிலை

குண்டு பல்பின் ஒளியில் சிவப்பு மிகுதி, நீலம் குறைவு. மேகம் மூடிய வானத்தின் ஒளியில் நீலம் கூடுதல். இந்த வேறுபாட்டை அளக்கும் அளவே நிற வெப்பநிலை. கொல்லன் உலையில் காயும் இரும்பு முதலில் சிவந்து, பிறகு ஆரஞ்சாகி, மஞ்சளாகி, வெண்மையை நெருங்கும். தன்மேல் விழும் ஒளி முழுவதையும் உறிஞ்சும் கரும்பொருள் ஒன்றை இவ்வாறே சூடாக்குவதாகக் கொண்டால், எந்த வெப்பநிலையில் அது ஒரு விளக்கின் ஒளி நிறத்தை எட்டுகிறதோ அதுவே அந்த விளக்கின் நிற வெப்பநிலை. அலகு கெல்வின். மெழுகுவத்திச் சுடர் ஏறத்தாழ 1,850 கெல்வின். வீட்டுக் குண்டு பல்பு 2,700 முதல் 2,850. ஸ்டூடியோவின் டங்ஸ்டன் விளக்கு 3,200. நண்பகல் வெயில் 5,500-ஐ ஒட்டி இருக்கும். வெயில் படாத நிழலில் நீல வானத்தின் ஒளி மட்டுமே விழுவதால் அங்கே 8,000 வரைகூடப் போகும்.

புதிதாகக் கற்பவர் தடுமாறும் இடங்கள் இரண்டு. கெல்வின் எண் ஏற ஏற ஒளி நீலமாகிறது. ஓவியர்களோ நீலத்தைக் குளிர்ந்த நிறம் என்பார்கள். மேலும், கேமராவில் அதே எண்ணை உயர்த்தினால் படம் மஞ்சளாகிறது. இங்கே எண் என்பது, விழும் ஒளி எத்தகையது என்று கேமராவுக்கு நாம் சொல்லும் தகவல். ஒளி நீலம் என்று சொன்னால், அதை ஈடுகட்டக் கேமரா மஞ்சளைக் கூட்டுகிறது. இது பிடிபட்டால் மற்றவை எளிது.

வரலாறு

மனிதக் கண் இந்த வேலையைச் சொல்லாமலே செய்கிறது. விளக்கொளியிலும் வெயிலிலும் ஒரே வேட்டி நமக்கு வெள்ளையாகத்தான் தெரிகிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் காஸ்பார் மோன்ஜ் 1789-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் இதை வியப்பூட்டும் விதத்தில் எடுத்துக்காட்டினார். சிவப்புக் கண்ணாடி வழியே பார்த்தபோது சிவப்புக் காகிதம் சிவப்பாகத் தெரியாமல் வெளுத்துத் தெரிந்தது. சுற்றியுள்ள எல்லாமே சிவந்துபோனதால், கண் அதையே வெள்ளையாக எடுத்துக்கொண்டது. 1902-இல் ஜெர்மானிய உடலியலாளர் யொஹானஸ் வான் கிரீஸ் இதற்கு ஒரு விதி வகுத்தார். நிறத்தை உணரும் மூன்று வகை உறுப்புகளும் தத்தம் உணர்திறனைத் தனித்தனியே கூட்டியும் குறைத்தும் கொள்கின்றன என்பது அதன் சாரம். இன்றைய கேமராக்கள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனி எண்களால் பெருக்குவது பெரும்பாலும் இந்த விதியின் கணக்கு வடிவமே.

ஃபிலிமுக்கு இந்தத் திறமை இல்லை. லூமியேர் சகோதரர்கள் 1907-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோக்ரோம் தகட்டுக்கு நீல ஒளியில் உணர்திறன் மிகுதி. லென்சில் மஞ்சள்–ஆரஞ்சு ஃபில்டர் போட்டுத்தான் படமெடுத்தார்கள். பின்னர் வந்த வண்ண ஃபிலிம்கள் இரண்டு வகையாகப் பிரிந்தன: 5,500 கெல்வினுக்கான பகலொளி ஃபிலிம், 3,200 அல்லது 3,400 கெல்வினுக்கான டங்ஸ்டன் ஃபிலிம். சுருளைப் போட்டுவிட்டால் முடியும்வரை மாற்ற வழியில்லை, ஃபில்டர்தான் கதி. டங்ஸ்டன் ஃபிலிமை வெயிலில் பயன்படுத்த ராட்டன் 85பி என்ற ஆரஞ்சு ஃபில்டர், பகலொளி ஃபிலிமை 3,200 கெல்வின் விளக்கில் பயன்படுத்த 80ஏ என்ற நீல ஃபில்டர். ஏற்கெனவே மங்கலான விளக்கொளியில் 80ஏ இரண்டு ஸ்டாப் அளவுக்கு, அதாவது முக்கால் பங்கு, ஒளியை விழுங்கிவிடும். வீட்டுக்குள் வண்ணப்படம் எடுப்பது அப்போது எவ்வளவு கடினம் என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லும்.

ஃபில்டர்களின் வலிமையை அளக்கக் கெல்வின் உதவாது. 3,000-இல் 100 கெல்வின் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும், 8,000-இல் தெரியாது. ஆகவே பத்து லட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுத்துக் கிடைக்கும் ‘மைரெட்’ அளவு வழக்கில் வந்தது. 3,200 கெல்வின் 312.5 மைரெட், 5,500 கெல்வின் ஏறத்தாழ 181.8. இடையிலுள்ள 131 மைரெட்தான் 85பி, 80ஏ இரண்டின் வலிமையும். ஒன்று கூட்டும், மற்றது கழிக்கும்.

வண்ணப்படங்களை அச்சிடும் கூடங்களில் இன்னொரு வழி உருவானது. ஒரு காட்சியின் நிறங்களையெல்லாம் கலந்து சராசரி எடுத்தால் அநேகமாகச் சாம்பல் கிடைக்கும் என்ற அடிப்படையில் அமைந்த திருத்தமுறைக்கு, கோடாக் நிறுவனத்தின் ரால்ஃப் எவன்ஸ் 1951-இல் காப்புரிமை பெற்றார். டிஜிட்டல் கேமராவின் தானியங்கி முறைக்கு இதுவே மூதாதை. அதே நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வண்ணச் சல்லடை, சென்சரின் புள்ளிகளைச் சிவப்பு, பச்சை, நீலம் எனப் பிரித்தது. அதன்பின் ஃபில்டரின் வேலையைப் பெருக்கல் கணக்கு ஏற்றது.

கேமராவில் அமைக்கும் முறைகள்

தானியங்கி முறை (ஏடபிள்யூபி) ஓர் ஊகமே. பச்சை வயலோ சிவப்புச் சுவரோ சட்டகத்தை நிறைத்தால், அதை ஒளியின் குறை என்று எண்ணி எதிர்நிறத்தைப் பூசிவிடக்கூடும். ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து எடுத்த படங்கள் வெவ்வேறு நிறத்தில் அமைவதும் இதனால்தான். வெயில், நிழல், மேகம், டங்ஸ்டன், டியூப்லைட், ஃபிளாஷ் என்று படக்குறியிட்ட முன்னமைவுகள் குறைந்தபட்சம் நிலையாக நிற்கும். கேனான் கேமராக்களில் வெயில் 5,200, மேகம் 6,000, நிழல் 7,000 கெல்வின்; நிக்கான் நிழலுக்கு 8,000 வைக்கிறது. கெல்வின் எண்ணை நாமே இடும் வசதியில் வழக்கமாக 2,500 முதல் 10,000 வரை இடமுண்டு.

நம்பத்தக்க முறை, அளந்து அமைப்பதே. 18 விழுக்காடு ஒளியைத் திருப்பும் சாம்பல் அட்டையை, முகம் இருக்கும் அதே ஒளியில் பிடித்து, சட்டகம் நிறையப் படமெடுத்து, அதையே அளவுகோலாகக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். அட்டை மிகையாக வெளுத்துவிட்டால் அளவு தவறும். வெள்ளைக் காகிதம் அவசரத்துக்கு உதவும். ஆனால் காகிதத்தில் சேர்க்கப்படும் வெண்மையூட்டிகள் பகலொளியில் நீலச்சாயல் தருவதால் முழுமையாக நம்ப முடியாது. கெல்வின் அச்சு நீலம்–மஞ்சள் திசையில் மட்டுமே நகரும். டியூப்லைட்டின் பாதரச ஆவி தரும் பச்சையை நீக்க, பச்சை–மஜந்தா என்ற இரண்டாம் அச்சிலும் நகர்த்த வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் கூரையில் டியூப்லைட், மேடையில் மஞ்சள் விளக்கு, பக்கவாட்டில் பகல் வெளிச்சம் என்று மூன்றும் கலந்தால் எந்த ஓர் எண்ணும் எல்லாவற்றையும் சரிசெய்யாது. மணமக்களின் முகத்தில் விழும் ஒளிக்கு அமைத்துவிட்டு மற்றதை விட்டுவிடுவதே முறை. பழைய குறைந்த அழுத்த சோடியம் தெருவிளக்கின் ஒளி கிட்டத்தட்ட ஒரே மஞ்சள் அலைநீளம். இல்லாத நீலத்தை எந்த எண்ணால் பெருக்கினாலும் வராது.

சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் வெண்சமநிலை ஒரு குறிப்பாக மட்டுமே சேமிக்கப்படுகிறது. கணினியில் இழப்பின்றி மாற்றலாம். ஜேபெக் கோப்பில் நிறம் முன்பே கணக்கிடப்பட்டுவிடுவதால் பின்னர் திருத்தும் இடம் குறுகியது. ஆயினும் படமெடுக்கும்போதே சரியாக அமைப்பதுதான் சிறந்த பழக்கம்.

செவ்வாயில்

எது வெள்ளை என்ற கேள்வி வேற்றுக் கோளிலும் எழுந்தது. 1976 ஜூலை 20 அன்று செவ்வாயில் இறங்கிய வைகிங் 1 விண்கலம் அனுப்பிய முதல் வண்ணப்படம், பூமியில்போல வானம் நீலமாக இருக்கும்படி நிறம் அமைக்கப்பட்டு வெளியானது. கலத்தின் மேல் பொருத்தியிருந்த நிற அட்டைகளோடு ஒப்பிட்டுத் திருத்தியபோது வானம் இளஞ்சிவப்புச் சாயல் கொண்டது என்று தெரிந்தது. பின்னாளில் கியூரியாசிட்டி ஊர்தியின் படங்களை நாசா இரு விதமாகவும் வெளியிட்டது: செவ்வாயின் ஒளியில் இருப்பதுபோல ஒன்று, பாறைகளை நிலவியலாளர்கள் இனம்காணப் பூமியின் பகலொளிக்கு மாற்றியது மற்றொன்று.

கைபேசிகளில்

கைபேசிகளில் இந்த அமைப்பு பெரும்பாலும் மென்பொருள் வசமே உள்ளது. 2020 செப்டம்பர் 9 அன்று காட்டுத்தீப் புகையால் சான் பிரான்சிஸ்கோவின் வானம் ஆரஞ்சாக மாறியபோது, பலருடைய கைபேசிகள் அதை ஒளியின் சாயலாக எண்ணி ஈடுகட்டி, சாம்பல் வானமாகப் பதிந்தன.