மூன்று கதவுகள்

ஒரே இரவில் மூன்று பேர் வந்து ஒரே வீட்டுக் கதவைத் தட்டினார்கள், மூவரும் ஒரே காரியத்துக்காக வந்து ஒரே காரணத்தால் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று நான் ஒரு நாவலில் எழுதினால், விமர்சகர்கள் சும்மா விடமாட்டார்கள். சரித்திரம் விமர்சகர்களுக்குப் பயப்படுவதில்லை.

இடம் திண்டிவனம். காலம் 1890-களின் தொடக்கம். அங்கே அமெரிக்க மிஷன் டாக்டராக இருந்த ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, நோயுற்ற தாயாரைக் கவனித்துக்கொள்ள வந்திருந்தார். சீக்கிரம் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதே அவருடைய எண்ணம்.

அன்றிரவு முதலில் வந்தவர் ஒரு பிராமணர். மனைவி பிரசவிக்க முடியாமல் தவிக்கிறாள், வந்து காப்பாற்ற வேண்டும் என்றார். தமக்கு வைத்தியம் தெரியாது, தந்தையை அழைத்து வருவதாகச் சொன்னார் ஐடா. அந்நிய ஆடவர் பார்க்கக் கூடாது என்று அவர் போய்விட்டார். அடுத்து ஒரு முஸ்லிம். பிறகு இன்னொரு ஹிந்து. அவர்களும் அதையேதான் சொன்னார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. ஐடாவே பிற்காலத்தில் பலருக்கும் சொன்ன சம்பவம் இது.

அந்த மூவரையும் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டால் நமக்குச் சௌகரியம். ஆனால் மனைவியிடம் அன்பில்லாதவன் நள்ளிரவில் அந்நியர் வாசலில் போய்க் கெஞ்சுவானா? அன்பும் இருந்தது, மானமும் இருந்தது. இரண்டும் மோதியபோது மானம் ஜெயித்தது. உள்ளே கிடந்து துடித்தவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்டதாகக் கதையில் இல்லை.

ஐடா அந்த வழக்கத்தோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. பெண்ணைப் பெண்தான் தொடலாம் என்றால், வைத்தியம் கற்ற பெண் வேண்டும், அவ்வளவுதானே? அமெரிக்கா சென்று 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூருக்கு வந்தார். 1902-இல் 40 படுக்கைகளோடு பெண்களுக்கான ஆஸ்பத்திரி எழுந்தது.

டாக்டர் வந்து போகிறவர். நோயாளியின் அருகில் இருக்கிறவள் நர்ஸ். 1909-இல் வேலூரில் நர்ஸுகளுக்கான பள்ளி தொடங்கியது. இங்கே குறுக்கே நின்றது வேறொரு வழக்கம். நம் கிராமங்களில் பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண்களே மருத்துவச்சிகள். நம் குழந்தையை முதன்முதலில் கையில் ஏந்தியவளை நாம் திண்ணைக்கு அப்பால்தான் நிறுத்தினோம். பிறர் ரத்தமும் மலமும் துடைப்பது குலப்பெண்ணுக்கு இழிவு என்று எண்ணியதால், நாட்டின் ஆரம்பகால நர்ஸுகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களுமாகவே இருந்தார்கள். அந்த இழிவு மெல்ல மெல்லத்தான் தேய்ந்தது. 1946-இல் வேலூரில் நர்ஸ் படிப்பு பட்டப்படிப்பாகவே உயர்ந்தது.

1918-இல் பெண்களுக்கென்று அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளி, பின்பு கல்லூரியாக வளர்ந்து, 1947-இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. ஆண் தொடக் கூடாது என்ற வழக்கத்துக்கு இடம் கொடுத்துப் பிறந்த ஸ்தாபனத்தில் ஆண்களும் வைத்தியம் கற்றார்கள்! வழக்கத்தை மதித்து உள்ளே போனவர்தான் அதை உள்ளிருந்து தளர்த்தவும் முடிந்தது. 1960-இல் ஐடா காலமானார்.

1979-இல் பீச்சம், சில்ட்ரஸ் என்ற இரு அமெரிக்கர்கள் எழுதிய நூல் வைத்திய தர்மத்தை நான்காக வகுத்தது: நோயாளியின் விருப்பத்தை மதித்தல், நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி. திண்டிவனத்தில் அன்று தவறியது முதலாவது. இன்று மட்டும் என்ன? ஆஸ்பத்திரிகளில், "அம்மாவிடம் வியாதியின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்" என்று பிள்ளைகள் டாக்டரைத் தனியே அழைத்துப் போய்ச் சொல்கிறார்கள். அதுவும் அன்புதான். வெளியே பேச்சு நடக்கிறது. உள்ளே அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அப்போது அவள் அருகில் இருப்பவள் நர்ஸ் ஒருத்திதான். "உங்களுக்கு என்ன தெரிய வேண்டும், அம்மா?" என்று அவளாவது கேட்கட்டும்.