வாசுதேவநல்லூர் மண்கோட்டையும் ஐந்தாம் வகுப்புச் சரித்திரமும்

1755ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்காவின் மோனோங்ககேலா ஆற்றங்கரையில் ஜெனரல் பிராடக்கின் ஆங்கிலப் படை, பிரெஞ்சுக்காரர்களிடமும் அவர்களோடு சேர்ந்த பழங்குடிகளிடமும் அடிபட்டுச் சிதறியது. பிராடக் குண்டுக் காயத்தால் இறந்தார். உடன் சென்றிருந்த 23 வயது இளைஞர் ஜார்ஜ் வாஷிங்டன் உயிர் தப்பினார். அதே ஆண்டில் திருநெல்வேலிச் சீமையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான், ஆற்காடு நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு கப்பம் வசூலிக்கக் கிளம்பி வந்தார். பாளையக்காரர் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் கோட்டை அவருக்குப் பிடிபடவில்லை. பீரங்கி போதவில்லை, படைக்குச் சோறும் இல்லை, சம்பளமும் இல்லை. வந்த வழியே மதுரைக்குத் திரும்பினார்.

அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் ஐந்தாம் வகுப்பு வாக்கில் மோனோங்ககேலா சண்டை பாடமாக வருகிறது. தமிழ்நாட்டிலோ பூலித்தேவர் 8ஆம் வகுப்பின் ‘மக்களின் புரட்சி’ பாடத்தில் வருகிறார். 10ஆம் வகுப்பில் இன்னும் விரிவாக வருகிறார். அதற்கு முன்பே வாசுதேவநல்லூர்ப் பக்கத்துச் சிறுவர்களின் காதில் அவர் பெயர் விழுந்துவிடுகிறது. செப்டம்பர் 1 பிறந்தநாள் விழாவும், கதைப்பாடலும், வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதையும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் மோனோங்ககேலாவும் நெற்கட்டும்செவலும் ஒரே போட்டியின் இரு முனைகள் என்பது இரு நாட்டுப் பிள்ளைகளுக்கும் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை.

கனடாவிலும், ஆற்காடு நவாபின் கர்நாடகச் சீமையிலும் மோதியவர்கள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும்தான். 1759இல் கியூபெக் விழுந்தது; 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. பிரெஞ்சு உதவி இனி வராது என்று தெரிந்ததும் பூலித்தேவரோடு நின்ற பாளையக்காரர்களின் கூட்டணி கலைந்தது. திருவிதாங்கூர், சேத்தூர், ஊத்துமலை, சுரண்டை எல்லாம் பக்கம் மாறின. அந்த ஆண்டு மே மாதத்துக்குள் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் கம்பெனித் தளபதி யூசுப்கான் கைக்குப் போயின.

இதே யூசுப்கான் 1759 இறுதியில் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டுத் தோற்றவர். மேற்குத் தொடர்ச்சி மலையும் அடிவாரக் காடும் கோட்டைக்குப் பக்கபலம். உள்ளே இருந்தவர்கள் மதிலைக் காத்துக்கொண்டிருக்க, பூலித்தேவரின் ஆட்கள் வெளியிலிருந்து பாய்ந்து முற்றுகைப் படையைத் தாக்கினார்கள். முற்றுகை விலகியது.

மண்மதில்தானே என்று பீரங்கிக்காரர்கள் நினைத்திருக்கலாம். கல் மதில் குண்டு பட்டால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கெட்டித்த களிமண்ணோ குண்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். 1767இல் கர்னல் டொனால்டு கேம்பல் வந்தபோது, உடைப்பு விழுந்த இடத்தில் பனந்துண்டுகளையும் வைக்கோலையும் திணித்து, குண்டுமழைக்கு நடுவிலேயே அடைத்தார்கள் கோட்டைக்காரர்கள். கடைசியில் அடைமழையை மறைவாக்கிக்கொண்டு மலைக்குள் தப்பினார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் போரின் நுட்பத்தை விளக்க வெற்றி தோல்விப் பட்டியலைவிட ஒரு கூடை களிமண் அதிகம் உதவும்.

யூசுப்கானைப் பற்றிச் சொல்வதில்தான் ஆசிரியருக்குச் சோதனை. பூலித்தேவரின் எதிரியான அவர், பின்னால் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்றார். 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். தென்பாண்டிக் கதைப்பாடல் மரபில் அவருக்கும் ‘கான்சாகிபு சண்டை’ உண்டு. நல்லவன், கெட்டவன் என்று இரண்டே கட்டம் போட்டால் அவர் எந்தக் கட்டத்திலும் அடங்க மாட்டார். அவர் இறந்த பிறகுதான் பூலித்தேவர் நெற்கட்டும்செவலுக்குத் திரும்பினார்.

போர் முடிந்தால் கணக்கு வரும். வட அமெரிக்காவில் செய்த செலவை ஈடுகட்ட லண்டன் 1765இல் முத்திரைத்தாள் சட்டம் கொண்டுவந்தது. அதில் கிளம்பிய எதிர்ப்பு விடுதலைப் போர் வரை போனது. தமிழகத்தில் நவாப் முகமது அலி கம்பெனியிடம் கடனில் மூழ்கினார். 1792 கர்நாடக உடன்படிக்கையால் பாளையங்களில் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குப் போனது. அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் கார்ன்வாலிஸ். 1781இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த படைக்குத் தலைவரும் இவர்தான். அந்த உடன்படிக்கைக்குப் பின் ஏழே ஆண்டுகளில், 1799இல், பாளையக்காரர் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார்.

பூலித்தேவரின் முடிவு பற்றி இரண்டு விவரங்கள் உண்டு. 1767இல் தோற்று, தப்பிச் சென்று, தலைமறைவிலேயே இறந்தார் என்கிறது பாடநூல். பிடிபட்டுச் செல்லும் வழியில் சங்கரன்கோவிலில் கும்பிட அனுமதி கேட்டுச் சன்னிதிக்குள் போனவர் சோதியில் மறைந்தார் என்கிறது ஊர்வழக்கு. சங்கரநாராயணர் கோயிலில் ‘பூலித்தேவர் அறை’ என்று ஓர் இடத்தையும் காட்டுகிறார்கள். பூலித்தேவரின் படைத்தலைவர்களில் ஒருவரான ஒண்டிவீரனின் கை வெட்டுப்பட்ட கதையை 10ஆம் வகுப்பு நூல் வாய்மொழி மரபு என்று குறிப்பிட்டே சொல்கிறது. இந்த வழக்கத்தை ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கலாம். எது யார் எழுதிவைத்தது, எது யார் பாடியது என்று பிள்ளைகளையே பிரித்து எழுதச் சொன்னால், அந்த அறையைப் பார்த்துவந்த மறுநாள் வகுப்பில் பஞ்சமில்லாமல் கேள்விகள் வரும்.