குசினியும் குடியும்: அம்பாறை முஸ்லிம் இல்லங்களில் அடுக்களையின் மாற்றம் – ஒரு வரலாற்று நோக்கு

கோட்டைகளுக்கும் வழிபாட்டிடங்களுக்கும் எழுதப்பட்ட அளவுக்கு அடுக்களைக்கு வரலாறு எழுதப்பட்டதில்லை. ஆயினும் ஒரு சமூகத்தின் சொத்துரிமை, தொழிற்பிரிவினை, ஆண் பெண் உறவு ஆகிய மூன்றும் ஒருங்கே வெளிப்படும் இடம் அடுப்படியேயாகும். இறக்காமத்தை அடுத்துள்ள வரிப்பத்தான்சேனை தொடக்கம் கல்முனை வரையுள்ள முஸ்லிம் ஊர்களில் இன்று திருத்தப்படும் இல்லங்கள் சிலவற்றில் குசினிச் சுவர் அகற்றப்பட்டு, சமையலிடமும் மண்டபமும் ஒன்றாக்கப்படுகின்றன. இதனை நாகரிக மோகம் என ஒதுக்குவதும் முன்னேற்றம் எனப் போற்றுவதும் எளிது. இம்மாற்றம் எத்தகைய நிலைமைகளின் விளைவு, யாருடைய விருப்பின்படி நிகழவேண்டியது என்பனவே இங்கு நோக்கப்படுகின்றன.

'குசினி' என்ற சொல்லே ஒரு வரலாற்றுச் சான்றாகும். அலுமாரி, கதிரை, மேசை, விறாந்தை ஆகிய சொற்களைப் போன்று இதுவும் போர்த்துக்கேய மொழியிலிருந்து ஈழத்துத் தமிழில் புகுந்தது. 1628இல் மட்டக்களப்பிற் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் அவ்வாட்சியைப் பத்தாண்டுகளுள் இழந்தனர், சொல்லோ நிலைத்துவிட்டது. ஆனால் பெயர் மாறிய அளவுக்கு இடம் மாறவில்லை. குசினி நெடுங்காலம் பின்வளவில் தனிக் கொட்டிலாகவே இருந்தது. கிடுகுக் கூரைக்குத் தீப்பொறி பகை. விறகுப் புகை உறங்குமிடத்துக்கு ஆகாது. நீருக்குக் கிணறு அருகில் வேண்டும். இவற்றோடு, முன்விறாந்தையில் அயல் ஆடவர் அமர்ந்திருக்கும்போது பெண்கள் தடையின்றி நடமாட மறைவான இடமும் தேவைப்பட்டது. அம்மி, உரல், சுளகு, திருவலை ஆகியவற்றுடன் அயற்பெண்களின் பேச்சும் ஆலோசனையும் கூடிய இடம் அது.

கீழைக்கரையின் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வழங்கும் தாய்வழிக் குடிமுறை இவ்விடத்தில் நோக்கத்தக்கது. இங்கு வீடு பெண்ணுக்குரிய சீதனம். மணமகன் மனைவியின் இல்லத்துக்கே செல்கிறான். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர், இளைய பெண்மக்களுடன் அவ்வளவிலோ அயலிலோ வேறொரு வீடு அமைத்துக்கொள்வர். புதுமணத் தம்பதியர் சிறிது காலம் தாயின் உலையில் உண்டு, பின்னரே தனி உலை வைப்பர். தனி அடுப்பு மூட்டப்படும் நாளே தனிக் குடும்பம் தோன்றும் நாள் எனலாம். எனவே குசினி என்பது உணவு ஆக்கும் அறை மட்டுமன்று. தாயிடமிருந்து மகள் பெறும் உரிமையின் நடுவிடமுமாகும்.

இவ்வமைப்பைப் பொருளாதார மாற்றங்கள் அசைத்தன. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், 1961இல் அம்பாறை தனி மாவட்டமானமையும் இப்பகுதியின் வாழ்க்கையைப் பெரிதும் மாற்றின. சேனையைப் பெயரிற் கொண்ட வரிப்பத்தான்சேனை இன்று நெல்வயல்களால் வாழும் ஊர். 1970களின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்கு ஊதியமும் வந்து சேர்ந்தது. சீமெந்தும் ஓடும் வந்தபின் தீயச்சம் குறைந்தது; எரிவாயு அடுப்பு வந்தபின் புகை குறைந்தது. தனிக் கொட்டிலுக்கான காரணங்கள் ஒவ்வொன்றாக நீங்கவே, குசினி வீட்டோடு ஒட்டிற்று. இப்பொழுது மண்டபத்தினுள்ளும் நுழைகிறது.

மேலைநாட்டிலும் அடுக்களை ஒரே நேர்கோட்டில் வளரவில்லை. 1926இல் ஒஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி பிராங்போர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் கொண்ட அடுக்களையை வகுத்தார். பெண்ணின் உழைப்பைக் குறைப்பதே அவர் நோக்கம்; ஆனால் அச்சிற்றறை அவளைத் தனிமைப்படுத்திற்று எனப் பின்னர் குறைகூறப்பட்டது. அமெரிக்காவில் பிராங் லொயிட் ரைட் 1937இல் கட்டி முடித்த ஜேக்கப்ஸ் இல்லத்தில் சமையலிடம் உணவிடத்தை நோக்கித் திறந்திருந்தது. மூடிய அடுக்களையும் திறந்த அடுக்களையும் அவ்வச் சமூகத்தின் வினாக்களுக்குக் கிடைத்த விடைகளேயாம். வினாவை விடுத்து விடையை மட்டும் இறக்குமதி செய்தல் பொருந்தாது.

பிறர் வகுத்த வீட்டின் இடர்ப்பாட்டை இம்மாவட்டம் ஏலவே கண்டுள்ளது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பேரலை உள்நாட்டு ஊரான வரிப்பத்தான்சேனையை எட்டவில்லை. கரையோர ஊர்களோ சிதைந்தன. பின்னர் 500 சதுர அடி அளவில் எழுப்பப்பட்ட வீடுகள் சிலவற்றில் விறகெரிக்க இயலாத குசினி உள்ளே அமைந்தது. குடியேறியோர் வெளியே தாமே கொட்டில் போட்டுக்கொண்டனர். அதனினும் பெரிது, 'குடும்பத் தலைவர்' என்ற எண்ணத்தின்படி வீட்டுரிமையை ஆணின் பெயரில் வழங்கும் போக்கு. தலைமுறைகளாகப் பெண்ணுக்குரியதாயிருந்த வீடு, நிவாரணத்தின் பெயரால் கைமாறும் நிலை தோன்றிற்று. பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் குரலெழுப்பின.

இதற்கு மாறான முன்மாதிரியும் நம் நாட்டிலேயே உண்டு. 1950களில் கண்டி வத்தப்புலுவ வீடமைப்புத் திட்டத்தை வகுத்த மினெற் டி சில்வா, குடியேறவிருந்தோரிடம் வினாக்கொத்து வழங்கி, அவர்தம் பழக்கவழக்கங்களையும் தேவைகளையும் அறிந்த பின்னரே வீடுகளை வரைந்தார்.

திறந்த குசினியின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. வீட்டுப் புகையால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்குக் கணித்துள்ளது. எரிவாயுவுக்கு மாறுதல் அவ்வகையில் நலமே. சமைப்பவள் வீட்டுப் பேச்சிலிருந்து விலக்கப்படாதிருத்தலும் நலமே. ஆயின் மண்டபத்தில் விருந்தினர் இருக்கையில் தன் அடுப்படியிலேயே அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிற்கவேண்டியதாகிறது. இடித்த சுவரின் இடத்தில் திரை தொங்கவிட நேர்கிறது. மேலும், 2021இன் இறுதியில் எரிவாயு வெடிப்புகள் அச்சமூட்டின. 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் எரிவாயுவே அரிதாயிற்று. நாடெங்கும் மக்கள் சிலிண்டருக்காக வரிசையில் நின்ற அந்நாள்களில், பின்வளவில் விறகடுப்பை விட்டுவைத்திருந்த வீட்டில் உலை ஏறிற்று. அதனை இடித்துவிட்ட வீடு அயலாரின் அடுப்பை நாடிற்று.

ஆகவே, சுவர் இருப்பதா இடிப்பதா என்பது அடிப்படை வினாவன்று. வீட்டின் உரிமை பெண்ணுக்குரியதெனக் கொள்ளும் சமூகத்தில் அவ்வீட்டின் உருவத்தை யார் தீர்மானிப்பது என்பதே வினா. பணம் அனுப்பும் கணவனோ, படம் காட்டும் ஒப்பந்தக்காரரோ, வீடு வழங்கும் நிறுவனமோ தனித்துத் தீர்மானித்தால், உறுதியில் அவள் பெயர் இருந்தும் உரிமை வெறும் எழுத்தாகிவிடும். குசினியைத் திறக்க அவள் விரும்பின் திறக்கட்டும். மறைவும் மாற்று அடுப்பும் வேண்டுமென்றால் அவற்றுக்கும் இடமிருக்கட்டும். உலை வைப்பவளின் சொல்லுக்கே அங்கு முதலிடம் இருத்தல் வேண்டும்.