சாரல்
மனை விளம்பரங்களில் இப்போது ‘ஃபுட்ஹில்ஸ்’ என்ற சொல் அடிபடுகிறது. ‘அடிவாரம்’ எங்கே போயிற்று? வாரம் என்றால் சரிவு. வீட்டுத் தாழ்வாரத்தில் இருப்பதும் அதுதான். இன்னும் பழையது சாரல். சங்கப் பாட்டில் அது மழையல்ல, மலைப்பக்கம். மலையைச் சார்ந்த இடம். தென்மேற்குப் பருவத்தில் குற்றாலச் சரிவில் விழும் தூறலுக்கு இடத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. ‘மலைச்சாரல்’ என்ற கூட்டில் மட்டும் பழம்பொருள் தங்கியிருக்கிறது. எங்கள் ஸ்ரீவைகுண்டம்வரை காற்றுதான் வரும், தூறல் அபூர்வம். ஆனாலும் ‘மேக்க சாரல் விழுதாம்’ என்று காதில் பட்டால், தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டுக்கு வடகாலில் தண்ணீர் பார்க்கக் கிளம்பிவிடுவோம். கார் பருவ நெல் நடவுக்கு அந்தத் தண்ணீர்தான் ஆதாரம். மனைக்காரர்களுக்கு அடிவாரம் போதும். காடு இறங்கி வயலோடு கலக்கும் அந்த முழுப் பட்டைக்கும் ‘சாரல்’ என்பதையே மீட்டுக்கொள்ளலாம் என்பேன், குற்றாலத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.