கருங்கண்ணியும் சுவினும்

தாம்பரத்தைச் சுற்றிப் பருத்திக் காடு கிடையாது. செங்கல்பட்டு வரை ஏரிப் பாசன நெல் நிலம்தான், அதிலும் பெரும்பகுதி மனையாகிவிட்டது. ஆனால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஜவுளிக் கடைகளில் ‘சுத்த காட்டன்’ என்ற பேச்சுக்குக் குறைவில்லை. அது எந்தப் பருத்தி என்று கேட்டால் கடைக்காரருக்கும் தெரியாது, வாங்குகிறவரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டு மண்ணில் விளையும் இரண்டு பருத்திகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்று புரியும்.

ஒன்று கருங்கண்ணி. தூத்துக்குடி, விருதுநகர் கரிசலின் சொந்தப் பிள்ளை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி நூற்பாலைகள் நம்பி எழுந்த திருநெல்வேலிப் பருத்திக்குள் இதுவும் அடக்கம். 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் இதைத் தேர்ந்தெடுத்து, பண்படுத்தி, ‘கே’ வரிசை ரகங்களாக வெளியிட்டது. மற்றது சுவின். எகிப்திய வழியில் வந்த சுஜாதா ரகத்தையும் கரீபியத் தீவான செயின்ட் வின்சென்டின் பருத்தியையும் கோயம்புத்தூரில் கலந்து 1974-இல் வெளியிட்ட ரகம். சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கம் இறவையில் பேர் வாங்கியது.

இழையில் இரண்டுக்கும் எட்டாத தூரம். கருங்கண்ணி இழை 22 முதல் 24 மில்லிமீட்டர் நீளம், தடிப்பானது, சொரசொரப்பானது. சுவின் 38 மில்லிமீட்டரையும் தாண்டும், மெல்லியது, இழுவைக்குத் தாங்கும். நூற்பாலையில் ஒரு பவுண்டு பஞ்சிலிருந்து 840 கெஜக் கழி எத்தனை இழுக்க முடிகிறதோ அதுதான் நூலின் நம்பர். கருங்கண்ணியில் முப்பதாம் நம்பர் நூற்கலாம். அந்த ஒரு பவுண்டு நூலைத் தாம்பரத்திலிருந்து தெற்கே நீட்டினால் 23 கிலோமீட்டர் ஓடி சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் முடியும். சுவினில் 120-ஆம் நம்பர் நூற்கலாம். அதே ஒரு பவுண்டு 92 கிலோமீட்டர் ஓடித் திண்டிவனத்தை நெருங்கிவிடும். உயர்ந்த சட்டைத் துணிக்கும் மெல்லிய சேலைக்கும் சுவினைத் தேடுவது இதனால்தான்.

இதை வைத்துக் கருங்கண்ணி மட்டம் என்று முடிவு கட்டுவது தவறு. குட்டை இழை தண்ணீரை நன்றாக உறிஞ்சும். மருத்துவப் பஞ்சுக்கும், கனத்த துணிக்கும், போர்வைக்கும், கைத்தறி முரட்டு நூலுக்கும் அதுவே தோது. நவீன நூற்பாலை இயந்திரங்கள் நீள இழைக்கென்றே அமைக்கப்பட்டதால் கருங்கண்ணி சந்தையை இழந்தது. நாடு விடுதலை அடைந்தபோது இந்தியப் பருத்தி நிலத்தில் 97 சதவீதம் நாட்டு இனங்கள். இன்று அவை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

காட்டில் இரண்டின் சுபாவமும் நேர் எதிர். புரட்டாசி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவத்தை நம்பி விதைத்தால் கருங்கண்ணி ஆணிவேரை ஆழ இறக்கி, மழை நின்ற பிறகும் கரிசலின் அடி ஈரத்தில் நிற்கும். தத்துப்பூச்சிக்கும் சாறு உறிஞ்சும் மற்றப் பூச்சிகளுக்கும் எளிதில் மசியாது. உளுந்து, பாசிப்பயறு ஊடே போட்டால் பருத்தி வருமுன் கொஞ்சம் காசு வந்துவிடும். குறையும் உண்டு. வெடித்த காயை உடனே எடுக்காவிட்டால் பருத்தி தரையில் உதிரும், சருகு ஒட்டும், விலை விழும். சுவினோ ஆறு மாதத்துக்கு மேல் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும், காய்ப்புழுவுக்கு ஓயாத காவல் வேண்டும்.

பலர் கவனிக்காத வேறுபாடு விதையில் இருக்கிறது. இரண்டும் ரகங்கள், வீரிய ஒட்டு அல்ல. ஆகவே விவசாயி தானே விதை எடுத்து வைக்கலாம். மரபணு மாற்றிய பிடி பருத்தி வீரிய ஒட்டு விதைக்கு மத்திய அரசு 2025-26-இல் வைத்த உச்ச விலை 475 கிராம் பொட்டலத்துக்கு 901 ரூபாய். வருடா வருடம் அதை வாங்கும் செலவு இவற்றில் இல்லை. ஆனால் சுவினுக்கும் ஊரெங்கும் நிற்கும் வீரிய ஒட்டுக்கும் குரோமோசோம் 52 என்பதால், தேனீ கொண்டுவரும் மகரந்தத்தில் சுவின் கலந்துபோகும். இரண்டு மூன்று போகத்தில் இழையின் குணம் குலையும். கருங்கண்ணிக்குக் குரோமோசோம் 26. சுற்றிலும் பிடி பருத்தி நின்றாலும் இயற்கையாக ஒட்டிக் கலக்காது. ஜின்னிங் மில்லில் கொட்டை கலக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், தாத்தா விதைத்த கருங்கண்ணியைப் பேரனும் விதைக்கலாம். இது கருங்கண்ணியின் மிகப் பெரிய பலம் என்பேன்.

இனி வரவு செலவு. ஏக்கருக்கு எத்தனை குவிண்டால் என்று மட்டும் கேட்டால் இரண்டுமே வீரிய ஒட்டிடம் தோற்கும். மானாவாரிக் கருங்கண்ணி இரண்டு மூன்று குவிண்டால் தருவதே வழக்கம். சுவின் அதைவிடக் கூடுதல்தான், ஆனாலும் போட்ட தண்ணீருக்கும் காத்த மாதங்களுக்கும் ஈடாகாது. அதோடு இரண்டும் சிறு காய்கள். ஒரு கிலோ சேர்க்கக் கை அதிகம் ஓட வேண்டும், எடுப்புக் கூலி ஏறும். சுவினில் பஞ்சு விழுக்காடும் குறைவு. நூறு கிலோ பருத்தி அரைத்தால் முப்பது கிலோ பஞ்சு கிடைப்பதே அரிது.

அப்படியானால் தரத்துக்கு விலை உண்டா? 2025-26-இன் குறைந்தபட்ச ஆதரவு விலை நடுத்தர இழைக்குக் குவிண்டால் 7,710 ரூபாய், நீள இழைக்கு 8,110. இந்த இரண்டுக்கும் இடையே அரசு வைத்த வித்தியாசம் 400 ரூபாய்தான். போதாக்குறைக்கு 32 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இழைப் பஞ்சுக்கு இறக்குமதி வரியை 2024 பிப்ரவரியில் நீக்கினார்கள். ஆலைகளுக்கு எகிப்துப் பஞ்சும் அமெரிக்கப் பிமாவும் வரியில்லாமல் கிடைக்கும்போது ஆத்தூர் விவசாயி சுவினை யாரை நம்பி விதைப்பார்?

கருங்கண்ணியின் கணக்கு வேறு. விளைச்சல் குறைவு, செலவும் குறைவு. மழை பொய்த்த ஆண்டில் விதையும் உழைப்பும் போகும், கடன் மலையாகாது. நல்ல ஆண்டில் பெரும் பணம் வராது என்பதும் உண்மையே. ரசாயனம் படாத மானாவாரி நாட்டுப் பருத்தியைத் துணியாக்கி விற்கும் ‘துலா’ போன்ற அமைப்புகள் சென்னையிலேயே இருக்கின்றன. கரிசலுக்குப் பக்கத்தில், ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில், காயத்துக்குக் கட்டும் துணி நெய்யும் பெரிய தொழில் நடக்கிறது. உறிஞ்சும் பருத்திக்கு அதைவிட நெருக்கமான சந்தை வேறெங்கே?

இழையில் சுவினுக்கு நிகர் இல்லை. ஆயினும் விதைக்கும் முன்பே விலையை எழுத்தில் தரும் ஆலை கிடைக்காமல் எந்தச் சிறு விவசாயியும் அதைத் தொடக் கூடாது. கிணறு இல்லாத கரிசல்காரருக்கு நான் சொல்வது கருங்கண்ணியைத்தான். தாம்பரம் ஜிஎஸ்டி சாலைக் கடையில் துணி எடுக்கும் நாம் ‘இது எந்த ஊர்ப் பருத்தி, எத்தனையாம் நம்பர் நூல்’ என்று கேட்கத் தொடங்க வேண்டும். கேட்கிற வாடிக்கையாளர் பெருகினால் கடைக்காரர் ஆலையைக் கேட்பார், ஆலை விவசாயியைத் தேடி வரும்.