லண்டன் பக்கம், சென்னை தூரம்

கிருஷ்ணன்கோவில்ல காலேஜ் படிக்கிற ஒருத்தர் லண்டன் போறார்னு வைங்க. சென்னையிலேர்ந்து லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர், நேரடி விமானத்துல பத்து, பதினோரு மணி நேரம். ஆனா அதுக்கு முன்னாடி அவர் ஸ்ரீவில்லிபுத்தூர்ல பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி ஒரு முழு ராத்திரி பயணம் பண்ணி சென்னை வரணும். ஐந்நூத்திச் சொச்சம் கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்!

இந்தக் கூத்து இன்னைக்கு ஆரம்பிச்சதில்ல. 1929 மார்ச் 30-ல இம்பீரியல் ஏர்வேஸ் லண்டன்–கராச்சி விமான சேவையைத் தொடங்கிச்சு. கப்பல்ல சுமார் ரெண்டு வாரம் ஆன தபால், ஏழே நாள்ல இந்தியா வந்துச்சு. "விமானம்"னு சொல்றோமே, அதுல ஒரு ரயிலும் உண்டு. லண்டன்லேர்ந்து சுவிட்சர்லாந்தோட பாசல் வரைக்கும் விமானம். அங்கேர்ந்து இத்தாலியோட ஜெனோவாவுக்கு ரயில், ஏன்னா ஆல்ப்ஸ் மலை ஒரு பக்கம், நாடுகளுக்கிடையே அனுமதிச் சிக்கல் இன்னொரு பக்கம். அப்புறம் அலெக்சாண்ட்ரியா வரைக்கும் தண்ணியில இறங்குற கடல் விமானம். கடைசியா பாக்தாத், பாஸ்ரா வழியா கராச்சி. ராத்திரியில பறக்க மாட்டாங்க, இறங்கித் தூங்கிட்டு காலையில கிளம்புவாங்க. ஏழு நாள் ஆனதுக்கு வேகம் மட்டும் காரணமில்ல.

சரி, கராச்சி வந்தாச்சு. தெற்கே வர்ற கடிதம் மறுபடியும் ரயில்தான். விருதுநகர்–தென்காசி பாதை 1927-லயே வந்துட்டதால ராஜபாளையத்துக்கு ரயில் இருந்துச்சு. ஆனா வானத்துல மிச்சம் பிடிச்ச நாளையெல்லாம் தண்டவாளத்துல தொலைச்சாங்க.

அந்த ஓட்டையை அடைச்சவங்க ஜே.ஆர்.டி. டாடாவும் நெவில் வின்சென்ட்டும். 1932 அக்டோபர் 15 அன்னிக்கு, ஒரு குட்டி பஸ் மாத் விமானத்துல டாடா கராச்சியிலேர்ந்து தபால் மூட்டையோட கிளம்பினார். அகமதாபாத்ல நிறுத்தி எரிபொருள் போட்டாங்க. பெட்ரோல் டின் வந்தது மாட்டு வண்டியில! மதியம் பம்பாய் ஜுஹு. அங்கேர்ந்து வின்சென்ட், பெல்லாரி வழியா சென்னைக்குக் கொண்டு வந்தார். ஜுஹு மைதானம் வெறும் சேறு. மழைக்காலத்துல கடல் உள்ள வந்துடும், அதனால சேவையை பூனாவுக்கு மாத்திடுவாங்க. எனக்கு லண்டன் பயணத்தை விட இந்த மாட்டு வண்டியும் சேறும்தான் பிரமிப்பா இருக்கு.

1938-ல இந்தச் சேவை திருச்சி வழியா கொழும்பு வரைக்கும் நீண்டுச்சு. அந்தச் சேவையில நம்ம பக்கத்துக்குக் கிட்டத்து நிறுத்தம் திருச்சி.

1948 ஜூன் 8-ல ஏர் இந்தியா இன்டர்நேஷனலோட 'மலபார் பிரின்சஸ்' பம்பாயிலேர்ந்து கெய்ரோ, ஜெனீவா வழியா லண்டன் கிளம்பிச்சு. ஏழு நாள் பயணம் ரெண்டு நாளுக்குள்ள சுருங்கிடுச்சு. மதுரையிலேர்ந்து வெளிநாட்டுக்கு விமானம் பறக்க ஆரம்பிச்சதோ 2012-லதான், அதுவும் கொழும்புக்கு. லண்டனுக்கு இன்னிக்கும் மதுரையிலேர்ந்து நேரடி விமானம் கிடையாது. கிருஷ்ணன்கோவில்காரர் மதுரை ஏர்போர்ட்டுக்குக் கார்ல போயிடலாம், ஆனா எங்கயாவது விமானம் மாறித்தான் லண்டன் போகணும்.